30 கிலோவைப் படியேற்றச் சொல்லும் நிர்வாகிகளுக்கு

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

கேஸ் சிலிண்டர், தண்ணீர் கேன், அரிசி மூட்டை போன்ற கனமான பொருட்களை டெலிவரி ஆட்கள் இனி லிஃப்டில் ஏற்றக் கூடாது, படிக்கட்டு வழியாகத்தான் கொண்டுபோக வேண்டும் என்று மூன்று பிளாக்குகளிலும் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறீர்கள். மீறினால் அந்த வீட்டுக்காரருக்கு 500 ரூபாய் அபராதம். இந்த முடிவை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இதைத் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

வாட்ஸ்ஆப் குழுவில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னேன். சில கட்டைவிரல்களும் கைகூப்பல்களும் வந்தன, அப்புறம் மறுநாள் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் அது புதைந்துபோனது. தவிர, இது நம் காம்பவுண்டுக்குள் முடிகிற சங்கதியும் இல்லை. சென்னையில் பல அடுக்குமாடிகளில் இதே மாதிரி ஓர் அட்டை தொங்குகிறது. அதனால்தான் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

நோட்டீஸில் முதல் காரணம் ஓவர்லோடு. நம் லிஃப்டுக்குள் பொத்தான்களுக்கு மேலே ஒரு தகடு இருக்கிறது: 6 நபர், 408 கிலோ. நம் நாட்டில் லிஃப்டுக்கு ஆள் கணக்குப் போடும்போது தலைக்கு 68 கிலோ என்று வைப்பார்கள், ஆறு பேருக்கு 408 வருவது அப்படித்தான். வீட்டுக்கு வரும் சிவப்பு சிலிண்டரில் எரிவாயு 14.2 கிலோ. காலி சிலிண்டரின் எடையை அதன் மேலேயே எழுதியிருப்பார்கள், 15, 16 கிலோ இருக்கும். இரண்டும் சேர்ந்து சுமார் 30 கிலோ. அதைக் கொண்டுவருகிறவர் 65 கிலோ இருந்தால்கூட இரண்டும் சேர்ந்து நூறைத் தொடாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிரியாணிப் பையோடு நம் வீட்டு ஆட்கள் ஏழெட்டுப் பேர் நெருக்கியடித்து ஏறுவோம். மணி அலறும். ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டு, கடைசியாக ஏறியவர் இறங்குவார். ஓவர்லோடு என்றால் அதுதான். அதற்கு இதுவரை யாருக்கும் அபராதம் போட்டதாக எனக்கு நினைவில்லை.

அடுத்த காரணம், தரையில் கீறல் விழுகிறது. விழுகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குடியிருப்பவர்களின் வீட்டுச் சாமான்களை முன் அனுமதியோடு ஏற்றலாம் என்று அதே நோட்டீஸில் கடைசி வரியில் விலக்கும் கொடுத்திருக்கிறீர்கள். போன மாதம் பி பிளாக்கில் குடிவந்தவர்களின் ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் லிஃப்டில்தான் மேலே போயின. முன்பக்கம் துணி போடுகிற வகை மெஷின் அது. அந்த மாதிரி மெஷின் சுற்றும்போது துள்ளாமல் இருக்க உள்ளே கான்கிரீட் கட்டி வைத்திருப்பார்கள், அதனாலேயே 60 கிலோவைத் தாண்டும். எடையும் நடுவில் இருக்காது. இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்தால் ஒருவர் பக்கம் மட்டும் அமுக்கும். வந்திருந்த இருவரும் அதை ஒரு மூலையில் சாய்த்து, அடுத்த மூலையைத் திருப்பி, அப்படியே நகர்த்தி நகர்த்தி லிஃப்டுக்குள் விட்டார்கள். இப்போது லிஃப்ட் தரையில் இருக்கும் நீளமான கீறல் அன்று விழுந்தது. புதிதாக வந்தவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, அவர்கள் வேறு என்னதான் செய்வார்கள்? தோளில் வைத்தா கொண்டுபோவார்கள்? ஒருவருடைய 60 கிலோவுக்கு லிஃப்ட் உண்டு, இன்னொருவர் தூக்கி வரும் 30 கிலோவுக்குக் கிடையாது என்றால், நாம் எடையைப் பார்த்து விதி போடவில்லை.

சரி, 30 கிலோ அவ்வளவு பெரிய எடையா என்று கேட்கலாம். மாதாமாதம் காசு கட்டி ஜிம்மில் எடை தூக்குகிற ஆள் என்ற முறையில் இதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. தரையில் கிடக்கும் நூறு கிலோ பார்பெல்லைத் தூக்கி நிமிர என்னால் முடியும். நோட்டீஸ் வந்த வாரம் எங்கள் வீட்டு சிலிண்டரை வாட்ச்மேன் லிஃப்டில் ஏற்ற விடவில்லை. கொண்டுவந்தவருக்கு அன்று உடம்பு சரியில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. நான் தூக்கிக்கொள்கிறேன் அண்ணே என்று வாங்கிக்கொண்டேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க இறக்கி வைத்தேன். வலது கை விரல்கள் மடங்கிய நிலையிலேயே நின்றுவிட்டன, நிமிர்த்தினால் நடுங்கின. வீடு நான்காவது மாடி.

நூறு கிலோ தூக்குகிறவனுக்கு முப்பது கிலோவில் என்ன திணறல் என்று அன்று இரவு முழுக்க யோசித்தேன். விடை எளிதுதான். பார்பெல் என்பது தூக்குவதற்கென்றே செய்த பொருள். கம்பியின் தடிமன் 28 மில்லிமீட்டர், விரல்கள் அதைச் சுற்றி வளைத்துப் பூட்டிக்கொள்ளும். வழுக்காமல் இருக்கச் சொரசொரப்பாகக் கடைந்திருப்பார்கள். பெரிய தட்டுகளின் விட்டம் 45 சென்டிமீட்டர் என்பதால் கம்பி தரையில் கிடக்காது, முக்கால் அடி உயரத்தில் நின்றுகொண்டு நம்மை எதிர்பார்க்கும். இரண்டு பக்கமும் ஒரே எடை. கம்பி கெண்டைக்காலுக்கு முன்னால் உரசியபடியே மேலே வரும், எடை உடம்பைவிட்டு விலகாது. தூக்கி முடித்ததும் அங்கேயே கீழே போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகலாம்.

சிலிண்டரிடம் இந்தச் சௌகரியம் ஒன்றுகூடக் கிடையாது. ஒரு அடிக்குக் கொஞ்சம் கூடுதலான குறுக்களவு, இரண்டடி உயரம். கட்டிப்பிடித்தால் அதன் எடை வயிற்றிலிருந்து அரை அடி தள்ளி நிற்கும், அந்த அரை அடிக்கான வட்டியை முதுகுத்தண்டுதான் கட்டும். பிடிக்க இருப்பது மேலே உள்ள வளையம் ஒன்றுதான், அதன் தகட்டு விளிம்பு விரல் மடிப்பில் இறங்கும். ஒற்றைக் கையில் தொங்கவிட்டால் ஒவ்வொரு படியிலும் அடிவளையம் முட்டியில் இடிக்கும், உடம்பு எதிர்ப்பக்கம் கோணிக்கொள்ளும். உள்ளே இருப்பதோ திரவம். ஆவிக்கு இடம் விட்டுத்தான் நிரப்புவார்கள் என்பதால் தோளில் சாய்த்ததும் அது ஒரு பக்கம் ஓடும், படித் திருப்பத்தில் நாம் திரும்பினால் அது கொஞ்சம் தாமதமாகத் திரும்பும். அந்தத் தாமதத்தில்தான் கால் தடுமாறுகிறது.

வீட்டில் பெண்கள் இதைத் தூக்குவதே இல்லை, கவனித்திருப்பீர்கள். வளையத்தைப் பிடித்துச் சாய்த்து, அடிவளையத்தின் விளிம்பில் நிறுத்தி, ஸ்டியரிங் மாதிரி சுற்றிக்கொண்டே பால்கனியிலிருந்து அடுப்படிக்கு உருட்டிவிடுவார்கள். என் மனைவி என்னைவிட வேகமாகச் செய்வாள். அருமையான உத்தி, ஆனால் சமதரைக்கு மட்டும்தான் செல்லுபடியாகும். படிக்கட்டில் உருட்ட முடியாது.

வேலையிடத்தில் எடை தூக்குவதற்கு அமெரிக்க அரசின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ் ஒரு கணக்கு வைத்திருக்கிறது, 1991-ல் திருத்தியது. பொருள் உடம்பை ஒட்டி இருக்கிறது, இடுப்புக்குச் சற்றுக் கீழே வாகான உயரத்தில் இருக்கிறது, நல்ல கைப்பிடி இருக்கிறது, உடம்பைத் திருக வேண்டாம், அடிக்கடி தூக்கவும் வேண்டாம் என்று எல்லாமே சாதகமாக இருந்தால் 23 கிலோ என்று அந்தக் கணக்கு ஆரம்பிக்கிறது. அதுதான் உச்சம். பொருளின் நடுப்பகுதி கணுக்காலிலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும்வரை அந்த 23 நிற்கும், 50 சென்டிமீட்டர் தள்ளிப்போனால் பாதியாகிவிடும். பிடி சரியில்லை என்றால் கொஞ்சம் கழியும், திருகினால் கழியும், திரும்பத் திரும்பத் தூக்கினால் இன்னும் கழியும். நம் சிலிண்டர் அந்தக் கணக்கு தொடங்கும் இடத்தையே தாண்டிவிட்டது. அதுவும் நின்ற இடத்தில் தூக்கி வைப்பதற்கான கணக்கு, சுமந்துகொண்டு மாடியேறுவது அதற்குள் வரவே வராது.

தண்ணீர் கேனுக்கு வருவோம். 20 லிட்டர் என்றால் 20 கிலோ, கேனின் எடை தனி. கைப்பிடி இல்லாத கேன் என்றால் கழுத்தைப் பிடித்துத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொள்ள வேண்டும். வெளியே ஈரம் பூத்திருந்தால் வழுக்கும். கைப்பிடி உள்ள கேன் என்றால் பையன்கள் கைக்கொன்றாக இரண்டு எடுப்பார்கள், ஒரே நடையில் 40 கிலோ. நோட்டீஸுக்கு அப்புறம் சி பிளாக்கில் ஒரு கேன் தோளிலிருந்து நழுவி இரண்டாவது மாடித் திருப்பத்தில் விழுந்து பிளந்தது. 20 லிட்டரும் படி படியாக இறங்கியது. டியூஷன் முடிந்து பிள்ளைகள் இறங்கி வருகிற நேரம். யாரும் வழுக்கி விழவில்லை, நல்ல காலம். கொண்டுவந்த பையனுக்கு இருபது வயதுக்கு மேல் இருக்காது. கேன் உடைந்ததற்குக் கடைக்காரர் சம்பளத்தில் பிடிப்பாரே என்பதுதான் அவன் கவலையாக இருந்தது. அந்தத் திருப்பத்துச் சுவரில் காரை பெயர்ந்து கிடப்பதைப் போய்ப் பாருங்கள். சிலிண்டரைத் தோளில் வைத்துத் திரும்புகிறவருக்கு அங்கே இடம் போதாது, அடிவளையம் சுவரில் உரசும். லிஃப்ட் தரையைக் காப்பாற்றப் போய்ப் படிக்கட்டுச் சுவரைக் கொடுத்திருக்கிறோம். பெயிண்ட் செலவு எல்லாருடைய மெயின்டனன்ஸ் பணத்திலும்தானே வரப்போகிறது?

அரிசி மூட்டையைப் பற்றி நீட்டப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். முன்பு 25 கிலோ சிப்பம்தான் வழக்கம். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை உள்ள பொட்டலத்துக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி என்று வந்ததும் ஆலைக்காரர்கள் 26 கிலோ சிப்பம் போட ஆரம்பித்தார்கள். டெல்லியில் போட்ட ஒரு விதி இங்கே மூட்டை தூக்குகிறவர் தோளில் ஒரு கிலோவாக வந்து உட்கார்ந்தது. அதைக் கேட்க ஆளில்லை. நீங்கள் போட்ட விதி அதைவிடக் கிட்டத்தில் இருக்கிறது, அதனால் கேட்கிறேன்.

செயற்குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, "அவங்களுக்கு என்ன சார், பழக்கம்தானே" என்றார் ஒருவர். இந்த நோட்டீஸின் அஸ்திவாரமே இந்த ஒரு வாக்கியம்தான் என்று நினைக்கிறேன். எங்கள் தெருவுக்கு சிலிண்டர் போடும் அண்ணன் எப்படித் தூக்குகிறார் என்று ஒரு நாள் நின்று பாருங்கள். மேல் வளையத்தில் ஒரு கை, அடிவளையத்தில் ஒரு கை. ஒரே மூச்சில் தோளுக்கு ஏற்ற மாட்டார். முதலில் தொடைக்கு. அங்கே ஒரு நொடி நிறுத்தி, முழங்காலை மடக்கித் தோளை அதற்கடியில் கொண்டுபோவார். தோளில் துண்டைச் சும்மாடாகச் சுருட்டி வைத்திருப்பார். எழும்போது வேலை முழுக்கத் தொடையும் இடுப்பும்தான் செய்யும், கை சும்மா பிடித்துக்கொள்ள மட்டும். எங்கள் ஜிம் பயிற்சியாளர் இதைப் பார்த்தால் கைதட்டுவார். ஆகவே பழக்கம் உண்டுதான், அது பெரிய வித்தையும்தான். ஆனால் பழக்கத்தால் சிலிண்டரின் எடை குறைவதில்லை, முட்டியில் உள்ள சவ்வு பழகிக்கொண்டு கெட்டிப்படுவதும் இல்லை. அவருக்கு வலது தோள் காய்த்துப்போயிருக்கிறது. சட்டை போட்டிருந்தாலும் ஒரு தோள் இறங்கித் தெரியும். "ஏறுறதைக்கூட சமாளிச்சிரலாம் சார், காலி சிலிண்டரோட இறங்குறப்பதான் முட்டி பிடிக்குது" என்றார். காலியோடு இறங்க வேண்டியதை நாம் யாருமே கணக்கில் எடுக்கவில்லை, கவனித்தீர்களா? ஒவ்வொரு வீட்டுக்கும் 30 கிலோவோடு ஏறி 15 கிலோவோடு இறங்குகிறார்.

அதே கூட்டத்தில் இன்னொருவர், அந்தக் காலத்தில் இளவட்டக்கல்லையே தூக்கினார்கள், இந்தக் காலத்துப் பையன்களுக்கு ஒரு சிலிண்டர் கனக்கிறதா என்று வேடிக்கையாகச் சொன்னார், எல்லோரும் சிரித்தீர்கள். நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், இளவட்டக்கல் எனக்குத் தெரியும். நெல்லை மாவட்டம் வடலிவிளையில் இன்றும் பொங்கலுக்குப் போட்டி நடக்கிறது, பெண்களும் தூக்குகிறார்கள். வழவழவென்று உருண்டைக் கல், பிடிக்க எந்த இடமும் கிடையாது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கல்லை அணைத்து முழங்காலுக்கு உருட்டி, தொடையில் நிறுத்தி மூச்சு வாங்கி, நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு எழுந்து, தோளுக்கு ஏற்றி, முதுகுக்குப் பின்னால் போடுவார்கள். ஊரே நின்று விசிலடிக்கும். ஆண்டுக்கு ஒரு முறை, விருப்பப்பட்டவர் மட்டும், முடியாவிட்டால் சிரித்துக்கொண்டே விலகிவிடலாம். அந்தக் கல்லைத் தோளில் வைத்தபடி நாலு மாடி ஏறு, மத்தியானத்துக்குள் இன்னும் பல வீட்டுக்கு ஏறு, இல்லாவிட்டால் வேலை இல்லை என்று எந்த ஊரிலும் சொன்னதில்லை.

இளவட்டக்கல்லை நினைவுவைத்திருப்பவர்கள் சுமைதாங்கியையும் நினைவில் வைத்திருக்கலாம். பழைய பாதை ஓரங்களில் இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்களே, அது. பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்களின் நினைவாக அதை நட்டுவைப்பது வழக்கம். அதன் உயரத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. தலைச்சுமையோடு வருகிறவர் குனியாமல் இறக்கி வைக்கலாம், இளைப்பாறிவிட்டு அடுத்தவர் கைகொடுக்காமல் தானே மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். நடப்பதைவிடத் தரையில் இறக்கி மறுபடி தூக்குவதுதான் ஆளை அடிக்கும் என்பது அந்தக் கல்லை நட்டவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நம் படிக்கட்டில் அப்படி வைக்க ஒரு திண்டுகூட இல்லை. நான் அன்று இரண்டாவது மாடியில் சிலிண்டரை இறக்கியது தரையில்தான், மறுபடி தூக்கும்போது இடுப்பில் பிடித்தது வாரக்கணக்கில் இருந்தது.

இனி, தூக்கி வருகிறவர்களை விட்டு, வாங்குகிற நம்மைப் பார்ப்போம். சிலிண்டர் விலையில் வீடுவரை கொண்டுவந்து தருவதற்கான கட்டணமும் அடங்கியிருக்கிறது. அதற்கு மேல் நாம் கையில் கொடுப்பது நம் விருப்பம். நோட்டீஸுக்கு அப்புறம் மாடி ஏற மறுக்கிறார்கள், அல்லது கூடுதலாகக் கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தண்ணீர் கேன் பையன்கள் வாட்ச்மேன் அறை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மூன்றாவது மாடியில் தனியாக இருக்கும் டீச்சரை உங்கள் எல்லோருக்கும் தெரியும், உங்களில் இருவரின் பிள்ளைகள் அவரிடம் படித்தவர்கள். இடுப்பில் அறுவை சிகிச்சை ஆனவர். கேனைத் தூக்கிக் கவிழ்க்க முடியாது என்று பேட்டரி பம்ப் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார், கேன் தரையில் இருந்தபடியே பொத்தானை அழுத்தினால் தண்ணீர் வரும். சின்னச் சாமான், ஆனால் அதனால்தான் இத்தனை நாள் அவர் யாரையும் எதிர்பார்க்காமல் இருந்தார். இப்போது பம்ப் மூன்றாவது மாடியில், கேன் தரைத்தளத்தில். ஒயர்க் கூடையில் இரண்டு பாட்டில்களோடு லிஃப்டில் இறங்கி வந்து, வாட்ச்மேன் கேனைச் சாய்த்துப் பிடிக்க, நிரப்பிக்கொண்டு லிஃப்டில் ஏறுகிறார். ஒரு கேன் தீர்வதற்குள் இப்படிப் பல நடை. அதே தண்ணீர் கடைசியில் லிஃப்டில்தான் போகிறது, டீச்சரின் கையில்.

உங்கள் தரப்பில் ஒரு காரணம் மட்டும் நியாயமானது என்று நினைக்கிறேன்: சிலிண்டர் கசிந்தால் என்ன செய்வது? எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கீழே இறங்கித் தேங்கும், லிஃப்ட் குழிக்குள் தேங்கினால் ஆபத்து. இந்தப் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் இதற்குப் பதில் படிக்கட்டு ஆகாது. தீப்பிடித்தால் நாம் எல்லோரும் இறங்கி ஓட இருக்கிற ஒரே வழி அந்தப் படிக்கட்டுதான். களைத்துப்போன தோளிலிருந்து சிலிண்டர் அங்கே உருண்டால் அது எந்தப் பாதுகாப்பு? முத்திரையும் மூடியும் சரியாக இருக்கிறதா, கசிவு வாசனை வருகிறதா என்று கேட்டிலேயே சரிபார்க்கட்டும். சந்தேகம் இருந்தால் அங்கேயே திருப்பி அனுப்பட்டும், அப்படிப்பட்ட சிலிண்டர் லிஃப்டிலும் ஏறக் கூடாது, படியிலும் ஏறக் கூடாது. சரியாக இருந்தால் நிமிர்த்தி வைத்து, வேறு யாரும் ஏறாமல், நேராக அந்த மாடிக்குப் போகட்டும். அப்புறம், இந்தப் பயம் தண்ணீர் கேனுக்கும் அரிசிக்கும் எப்படிப் பொருந்தும் என்றும் சொல்லுங்கள்.

நான் கேட்பது இவைதான். அந்த நோட்டீஸை மூன்று பிளாக்குகளிலிருந்தும் எடுத்துவிடுங்கள், இதுவரை யாரிடமாவது அபராதம் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். நம் லிஃப்டுக்கு வேலையே சுமையை ஏற்றுவதுதான். கையை வீசிக்கொண்டு முதல் மாடிக்குப் போகிற நானும் நீங்களும் படியேறினால் உடம்புக்கு நல்லது, கேனோடு வருகிறவர் படியேறக் கூடாது. தரை கீறுகிறது என்பதற்கு வழி இருக்கிறது. லிஃப்ட் தரை அளவுக்கு ஒரு ரப்பர் விரிப்பை வெட்டிப் போடுங்கள், ஓரச் சுவரில் இடுப்புயரத்துக்கு ஒரு பிளை பலகை அடியுங்கள். கூடவே ரப்பர் சக்கரம் வைத்த தள்ளுவண்டி ஒன்று வாங்கி வாட்ச்மேன் அறையில் வையுங்கள், கேட்டிலிருந்து லிஃப்ட் வரைக்கும் தோளில் எதற்கு? இதற்கெல்லாம் ஆகும் செலவு அதிகம் என்று தோன்றினால், சி பிளாக்குக்கு ஆவதை நான் கொடுத்துவிடுகிறேன்.

காலையில் பள்ளிக்கும் ஆபீஸுக்கும் போகிற நேரத்தில் லிஃப்டுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று சிலர் சொன்னது உண்மைதான். எட்டிலிருந்து ஒன்பதரை வரை சிலிண்டரும் கேனும் வேண்டாம் என்று வைத்துக்கொள்ளலாம், ஏஜென்சியிடமும் தண்ணீர்க் கடையிடமும் சங்கத்தின் பெயரில் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். லிஃப்ட் பழுதாகிற நாட்களுக்காக, ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நெஞ்சுயரத்தில் ஒரு கல் பலகை பதித்துக் கொடுங்கள். வழி குறுகாமல் மூலையில் பதித்தால் போதும். லிஃப்ட் ஓடாத நாளில் சிலிண்டர் கொண்டுவருகிறவரிடம், இன்று வேண்டாம், லிஃப்ட் சரியானதும் வாருங்கள் என்று வாட்ச்மேன் சொல்ல வேண்டும். அதற்காக ஒரு நாள் சமையல் தடைபடுகிற வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு குக்கர் வைத்துக் கொடுக்க மாட்டார்களா என்ன?

இன்னொன்று. இண்டேன் 2021-ல் காம்போசிட் சிலிண்டர் என்று ஒன்றை அறிமுகப்படுத்தியது. 10 கிலோ எரிவாயு பிடிக்கும். இரும்பு இல்லாததால் சிலிண்டரின் எடை வெகுவாகக் குறைவு, உள்ளே எவ்வளவு மிச்சம் என்று வெளியிலிருந்தே தெரியும். தனியாக இருக்கும் முதியவர்களின் வீடுகளுக்காவது இதற்கு மாறிக்கொள்ள முடியுமா என்று சங்கம் ஏஜென்சியில் விசாரித்துச் சொல்ல வேண்டும். தனித்தனியாகப் போனால் "பார்க்கலாம் சார்" என்பார்கள், நூற்றுச்சொச்சம் வீடுகளின் சார்பில் கேட்டால் பதில் வரும்.

அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேருங்கள். அந்தக் கூட்டத்துக்கு சிலிண்டர் போடுகிற அண்ணனையும் கேன் பையன்களில் ஒருவரையும் அழைத்துப் பேசச் சொல்லுங்கள், அவர்கள் வேலை நேரம் முடிந்த பிறகு, நாற்காலி போட்டு. அதுவரைக்கும் நோட்டீஸை நிறுத்தி வையுங்கள். எழுத்தில் பதில் தாருங்கள். பதில் வராவிட்டாலும் எங்கள் வீட்டுக்கு வரும் சிலிண்டர் லிஃப்டில்தான் வரும், 500 ரூபாய் ரசீதை என் பெயருக்கே எழுதிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
சி பிளாக், நான்காவது மாடியில் குடியிருப்பவன்